குதிரை எரு வாங்கும் முன் பீன்ஸ் விதை போட்டுப் பாருங்கள்

இங்கிலாந்தில் அலாட்மென்ட் (வாடகைக்கு எடுக்கும் சிறு தோட்டத் துண்டு) தோட்டம் போடுகிறவர்களுக்கு எருவுக்கு முதல் இடம் பக்கத்துக் குதிரை லாயம்தான். லத்தியை அப்புறப்படுத்துவது லாயக்காரருக்குச் செலவு. அதனால் பல இடங்களில் சும்மாவே அள்ளிக்கொள்ளலாம். சாக்கும் மண்வெட்டியும் நம்முடையது.

லாயத்தில் குதிரை படுக்க என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள். வைக்கோல் என்றால் நல்லது, ஆறு மாதத்தில் மக்கிவிடும். மரச்சீவல் என்றால் ஒரு வருடமாவது வேண்டும்; அரைகுறையாக மக்கியதைப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும்.

அதைவிட முக்கியம், குதிரை தின்ற புல்லுக்கு அமினோபைரலிட் களைக்கொல்லி அடித்தார்களா என்பது. இந்த மருந்து குதிரை வயிற்றிலும் அழியாது, எருக்குவியலிலும் லேசில் அழியாது. தக்காளி, பீன்ஸ், உருளை மூன்றும் மாட்டிக்கொள்ளும்: கொழுந்து பெரணி இலைபோலச் சுருளும், இலை கிண்ணமாகக் குவியும். வைரஸ் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

லாயக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம், குதிரைக்குப் போடும் காய்ந்த புல்லை வெளியில் வாங்குவார். ஆகவே சோதித்துவிடுங்கள். குவியலில் பல இடத்திலிருந்து எரு எடுத்து, பாதிக்குப் பாதி தொட்டிமண் கலந்து மூன்று தொட்டியில் பிராட் பீன்ஸ் விதை ஊன்றுங்கள். வெறும் தொட்டிமண்ணில் இன்னும் மூன்று. நான்கு வாரம் பாருங்கள். எருத் தொட்டியில் மட்டும் இலை சுருண்டால் அந்த எரு வேண்டவே வேண்டாம்.

தேறிய எருவை இலையுதிர்காலத்தில் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம். சதுர மீட்டருக்கு 50 லிட்டர் பிடிக்கும். கேரட் போடும் பாத்திக்கு மட்டும் வேண்டாம், கிழங்கு கிளைத்துவிடும்.