கதவுக்குப் பின்னால் இருந்த சுவர்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை. நான் சைட் எஞ்சினியர். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீண்டு கிடக்கும் வீடு. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு சுவர் ஓதம் ஏறி உதிர்ந்துகொண்டிருந்தது. சிமெண்ட் பூசச் சொன்னேன்.

"சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் ஆகாது தம்பி, மூச்சு முட்டிப்போகும்" என்றார் மூத்த கொத்தனார். "எஞ்சினியர் நீங்களா, நானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். சித்தாள் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் பேசாமல் கரண்டியை எடுத்தார்.

ஐப்பசி மழை முடிந்தபோது பூச்சு தகடு தகடாகக் கழன்று, பழைய சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும், உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் பூச்சைத் தள்ளும். இதெல்லாம் நான் படித்ததுதான். தெரியாமல் செய்யவில்லை. அவர் சொல்லி நான் கேட்பதா என்றுதான் செய்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

மறுநாள் அவர் உளியோடு வந்து மிச்சத்தைக் கொத்த ஆரம்பித்தார். 'அப்போதே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் போய், "மன்னிச்சுக்கங்க ஐயா" என்றேன். அதுவரை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். "சரி தம்பி, அந்தக் கடுக்காயைத் தட்டுங்க" என்றார்.

கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்தோம். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். ஒரு பகல் முழுக்கத் தேய்த்தேன். முழ அகலம்தான் மினுங்கியது. தோள்பட்டை கழன்றது போல வலி. ஆனால் மனசு லேசாக இருந்தது.

அப்புறம்தான் இன்னொன்று நடந்தது. வீட்டுக்காரர் வந்து பாராட்டினார். "எல்லாம் ஐயா கைவேலை" என்று கொத்தனாரைக் காட்டினேன். "எவ்வளவு பணிவு!" என்றார் அவர். அந்தச் சொல் தேனாக இனித்தது. அன்று சாயங்காலம் பிள்ளையார்பட்டியில் தோப்புக்கரணம் போடும்போதும், பக்கத்தில் நிற்பவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்றே மனம் திரும்பிப் பார்த்தது. கர்வம் போகவில்லை, வேறு சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறது. கற்பக விநாயகர் முன்னால் அழுதுவிட்டேன். இதை என்னால் கழற்ற முடியாது, நீயே கழற்று என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

காலையில் கொத்தனார் எனக்கென்று ஒரு சுவரை ஒதுக்கினார். கதவைத் திறந்தால் மறைந்துவிடும் மூலை.

"இங்கே யார் பார்க்கப்போறா, ஐயா?"

"ஓதம் இங்கதான் தம்பி அதிகம்" என்று கல்லை என் கையில் கொடுத்தார்.