அந்த ஐந்து மார்க்

மே 5, 2024, ஞாயிறு

நீட் முடிந்தது. 3 மணி 20 நிமிடம், 200 கேள்வி, 180க்கு எழுதினால் போதும். சலுகை மாதிரி தெரியும், குழியே அதில்தான். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கிலும் பி பிரிவில் 15 கேள்வி. 10 எழுத வேண்டும். பதினொன்றாவதையும் நிரப்பி வைத்தால் வரிசையில் முதல் பத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக எழுதிய நல்ல விடை வீண், முதலில் போட்ட தப்பு விடை கணக்கில்.

மே 7

யாரைப் பார்த்தாலும் "தெரியாததை விட்டுட்டு வந்தேன்" என்கிறார்கள். சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. நான்கில் இரண்டு தப்பென்று உறுதியாகத் தெரிந்து மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால், அப்படிப் பத்துக் கேள்விக்குச் சராசரியாக 15 மார்க் வரும். ஒன்றுமே தெரியாமல் குறித்தால் பத்துக்கு இரண்டரைதான், அதுவும் நிச்சயமில்லை. விட்டுவிட்டு வருவது இரண்டாவதில் சரி, முதலாவதில் நஷ்டம்.

மே 30

விடைக்குறிப்பு வந்துவிட்டது. ஆட்சேபம் தெரிவிக்கக் கேள்விக்கு 200 ரூபாய். அதற்கு முன்னால் ஓ.எம்.ஆர். விடைத்தாளின் படத்தைத் திறந்து 180 வட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு கேள்விக்கு இரண்டு வட்டம் கறுத்திருந்தால் பூஜ்யம் இல்லை, மைனஸ் ஒன்று.

இயற்பியலில் அந்த அணுக் கேள்வி. இரண்டு கூற்று. "ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை" என்பது இரண்டாவது. பழைய என்.சி.இ.ஆர்.டி. (மத்தியப் பாடத்திட்ட) புத்தகம் அப்படித்தான் சொன்னது. புதியதில் "பெரும்பாலான தனிமங்கள்" என்று திருத்திவிட்டார்கள். அண்ணனின் பழைய புத்தகத்தில் படித்த தம்பிக்கு ஒரு விடை, புதியது வாங்கியவனுக்கு வேறு விடை.

ஜூன் 4, செவ்வாய்

ஊரெல்லாம் ஓட்டு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருக்க, ஜூன் 14 என்று சொன்ன ரிசல்ட் இன்றைக்கே வந்துவிட்டது. 720க்கு 720 எடுத்தவர்கள் 67 பேர். அணுக் கேள்விக்கு இரண்டு விடையுமே சரியாம்.

அதைவிட உறுத்துவது சிலருக்கு வந்திருக்கும் 718, 719. எல்லாம் சரியென்றால் 720. ஒன்றை விட்டால் 716. ஒன்று தப்பானால் 715. நடுவில் எண்ணே கிடையாது.

ஜூன் 5

718 வரவே வராது.

ஜூன் 9

பெர்சென்டைலைச் சதவீதமென்று நினைப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப அதே விளக்கம். பொதுப் பிரிவுக்கு 50ஆவது பெர்சென்டைல் என்றால் பாதி மார்க் இல்லை. எழுதியவர்களில் பாதிப்பேரைத் தாண்ட வேண்டும். இந்த முறை அது 164, அதாவது 23 சதவீதம்கூட இல்லை. தகுதி வேறு, சீட் வேறு. 164ஐ வைத்துக்கொண்டு அரசுக் கல்லூரிக் கனவு காணக்கூடாது.

பிளஸ் டூ மார்க்கைச் சேர்ப்பார்களா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்ட காலம் 2016-ஓடு போயிற்று. இப்போது பிளஸ் டூ மார்க் வாசலோடு சரி: மூன்று பாடமும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40.

ஜூன் 13

718க்கு விடை கிடைத்தது. மையத்தில் நேரம் போனதற்காக 1,563 பேருக்குக் கருணை மார்க் போட்டிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் அதை ரத்து செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். மறுதேர்வு 23ஆம் தேதி. எழுதாதவர்களுக்குக் கருணை மார்க் இல்லாத பழைய மார்க்.

ஜூன் 23

1,563இல் வந்தது 813 பேர்.

ஜூலை 2

720காரர்கள் 61 ஆகிவிட்டார்கள். அணுக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 11

"அகில இந்திய ரேங்க் இவ்வளவு, இங்கே கிடைக்குமா?" தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 85 சதவீத சீட்டுக்குத் தனிப் பட்டியல். அதில் 31 பொது, 26.5 பி.சி., 3.5 பி.சி. முஸ்லிம், 20 எம்.பி.சி., 15 எஸ்.சி., 3 அருந்ததியர், 1 எஸ்.டி. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நடுவில் ஒரு வருடம் மாறியிருந்தாலும் பெரும்பாலும் போச்சு. அகில இந்திய எண்ணை மறந்துவிட்டு மாநில ரேங்க்கையும் இனவாரி ரேங்க்கையும் பார்க்கச் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

ஜூலை 23

எல்லோருக்கும் மறுதேர்வு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐ.ஐ.டி. டெல்லி நிபுணர்கள் சொன்னபடி அணுக் கேள்விக்கு நான்காவது விடை, அதாவது இரண்டாவது கூற்று தப்பு என்பது, மட்டும் சரி. இரண்டு கூற்றும் சரி என்ற இரண்டாவது விடையைக் குறித்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். கிடைத்த 4 போகும், தப்புக்கு 1 கழியும், ஆக ஐந்து. நான்காவதைக் குறித்தவனுக்கும் விட்டுவிட்டு வந்தவனுக்கும் மார்க் நகராது, ரேங்க் மட்டும் மேலே ஏறும். போன மாதம் போட்ட கணக்கெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

ஜூலை 26

720காரர்கள் இப்போது 17 பேர். தகுதி மார்க் 162. பழைய ஸ்கோர் கார்டு இனிமேல் செல்லாது, புதியதை இறக்க வேண்டும்.