ஓவியம் வரைகிறவன் புத்தகம் எழுதலாமா? பாதி வழியில் சில குறிப்புகள்

நான் எழுதிவரும் நீர்வண்ண ஓவியப் புத்தகத்தின் முதல் பாதி ஒருவழியாக ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது. இதை விட்டுவிட்டுப் பேசாமல் படமே வரையலாமே என்ற நினைப்பும் கூடவே வருகிறது. அதனால் எது கைகூடியது, எது இன்னும் உறுத்துகிறது என்று எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது மொரீசியஸில், மேட்டு நிலத்தில் உள்ள க்யூர்பிப் ஊர்ப் பக்கம். கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வாட்டர்கலர் சொல்லித் தருகிறேன், அவர்களுக்காகத்தான் இந்தப் புத்தகம். வீட்டில் எல்லோரும் கிரியோல் பேசுகிறோம், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், பிறகு தமிழில் யார் படிப்பார்கள் என்று வீட்டிலேயே கேட்டார்கள். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் அச்சாகியிருக்கிறது, தினமும் அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு வண்ணத்தைப் பற்றியும் தமிழில் நாலு பக்கம் இருக்கட்டும். அந்தச் சந்தேகம் எனக்குப் பெரிதில்லை.

பெரிய சந்தேகம் வேறு. கைக்குத் தெரிந்ததை வார்த்தையில் சொல்ல முடியுமா?

ஈரத்தாளில் வண்ணம் விடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிப் புத்தகங்களில் 'சில நிமிடம் காத்திருந்து அடுத்த வண்ணத்தை இடவும்' என்று இருக்கும். எங்கள் தீவில் அது நடக்காது: போர்ட் லூயிஸ் வெயிலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாள் காய்ந்துவிடும், அதே தடித்த பருத்தித்தாள் இங்கே மேட்டில் ஜூலை மாதத் தூறலில் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் நசநசவென்றே இருக்கும். அதனால் நிமிடக் கணக்கை விட்டுவிட்டுத் தாள் காட்டும் அடையாளங்களை மட்டும் எழுதினேன். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார். முழுக்கப் பளபளத்தால் வண்ணம் ஓடும். பளபளப்பு மங்கி, புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருந்தால் ஓரம் மென்மையாக நிற்கும். அந்த நேரத்தில் தூரிகையில் தண்ணீர் கூடுதலாக இருந்தால், அது காயத் தொடங்கிய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பல்பல்லாய்க் கறையாக நிற்கும். இவ்வளவுதான் அந்த அத்தியாயம். ஒரு மாணவியிடம் கொடுத்தேன், படித்துவிட்டு அவளாகவே தாளை ஜன்னலுக்குச் சாய்த்தாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கருங்கல் பற்றிய பகுதியும் நன்றாக வந்தது. கரும்புக் காட்டு நடுவே நிற்கும் பழைய ஆலைப் புகைபோக்கிகளை எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன், எல்லாம் எரிமலைக் கல். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் தட்டில் முழுக்கக் கலக்காமல் தாளிலேயே சந்திக்க விட்டால், நீலத்தின் துகள்கள் தாளின் பள்ளங்களில் தங்கி, சாம்பல் நிறம் கல் மாதிரியே சொரசொரப்பாக வரும். டியூபில் வாங்கும் கருப்பில் அந்த உயிர் வராது. வரைந்த அன்றே, கை ஈரம் காயுமுன் எழுதினால்தான் இப்படி வருகிறது. ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்துக் கட்டுரை போலாகிவிடுகிறது.

அப்புறம் ஒரு பயம். நிறைய எழுதிய நாட்களில் தூரிகை எடுத்தால் மனதுக்குள் வாக்கியம் ஓடுகிறது, கை தயங்குகிறது. இது நிலைத்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் தீவின் மால்கம் டி ஷசாலை (1902–1981) அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், எழுத்தாளராகப் பேர் வாங்கிய பிறகுதான் அவர் ஓவியத்துக்கு வந்தார். அவர் வரைந்த பூக்களையும் மலைகளையும் பார்த்தால் எழுத்து அவர் கையைக் கட்டிப்போட்டதாக எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு எழுதும் நாளையும் வரையும் நாளையும் பிரித்து வைத்திருக்கிறேன், காலையில் வரைந்து ராத்திரி எழுதுவது மட்டும் விதிவிலக்கு.

இப்போது நிற்பது காவடி அத்தியாயத்தில். தைப்பூசத்தன்று இங்கே பொதுவிடுமுறை, தெருவெல்லாம் ரோஜா நிற ஆடை. அந்தப் பளீர் நிறத்துக்கு மிக அருகில் போவது ஓபரா பிங்க் என்ற வண்ணம்தான், ஆனால் அதன் ஒளிரும் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். நிலைத்து நிற்பது க்வினாக்ரிடோன் ரோஸ் என்ற இன்னொரு ரோஜா வண்ணம், அதில் அந்தப் பளீர் கிடையாது. சுற்றிலும் சாம்பல் பச்சை வைத்தால் ரோஸ் தூக்கலாகத் தெரியும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். அச்சில் இது இன்னும் மோசம். நாலு மையால் அச்சடிக்கும்போது பளீர் ரோஜாவும் கடல்நீலமும் செம்மஞ்சளும் மங்கிப்போகும், அது எந்த அச்சகம் என்றாலும் அப்படித்தான். வண்ணத்தைப் பற்றிய புத்தகத்தில் வண்ணமே பொய் சொன்னால் நான் எழுதியதை யார் நம்புவார்கள்?

அதற்கு ஒரு வழி யோசித்திருக்கிறேன். எப்படியும் கொஞ்சம் பிரதிதான் போடப்போகிறோம். காவடிப் பக்கத்தில் படத்துக்குப் பதில் ஒரு கட்டம் காலியாக விட்டு, நல்ல தாளில் நாங்களே தீட்டிய வண்ணத்துண்டை ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டுவது. மைதாப் பசை இந்த ஈரத்தில் பூச்சியைக் கூப்பிடும், அமிலமில்லாத வெள்ளைப் பசையில் ஒட்டிப் பார்க்கிறேன். பக்கம் சுருங்காமல் இருந்தால் கடல்நீலத்துக்கும் இதையே செய்வேன்.