பல்லாவரம் சிக்னலில் ஏறிய முள்

போன வருஷம் கத்திரி வெயில் சமயம். பெருங்களத்தூரில் அக்கா வீட்டிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு, சென்னை ஜிஎஸ்டி ரோடு வழியாக வடபழனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி பன்னிரண்டு வருஷப் பழைய பெட்ரோல் கார். குரோம்பேட்டை வரை நடுவில் நின்ற டெம்பரேச்சர் முள், பல்லாவரம் சிக்னல் நெரிசலில் மெல்ல ஏற ஆரம்பித்தது. விமான நிலையம் பக்கம் சாலை விட்டதும் தானாக இறங்கியது. கத்திப்பாராவுக்கு முன்னால் மறுபடி நின்றபோது சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால், ரிசர்வ் பாட்டிலில் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொதித்து வழிகிறது.

அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இதை ஊத்திப் பாரேன்டா" என்றார். நான் மூடியைத் தொடவில்லை. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். 0.9 (பார் அளவில் அழுத்தம்) என்று அச்சிட்ட மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. சூட்டில் திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் மர நிழலில் காத்திருந்து, ஆறிய பிறகுதான் ஊற்றினோம்.

முதலில் போன பட்டறையில் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள். கூலண்ட் சூடானதும், சுமார் 82 டிகிரியில் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு அது. பழையதைக் கேட்டு வாங்கி வந்து, பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதிக்கும் முன்பே அழகாகத் திறந்துகொண்டது. பழுது அதில் இல்லை. (சில இடங்களில் "இந்த ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். சம்மதிக்காதீர்கள். என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், மைலேஜ் குறையும்.) இரண்டாவது பட்டறையில் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் சார், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். என்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் சீல் அது. போனால் கூலண்ட் ஆயிலிலும், எரிந்த புகை கூலண்டிலும் கலக்கலாம். இருபதாயிரம் ஆகுமாம்.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டர் மேல் அடிக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சில மாதமாகவே ஏசி சிக்னலில் வெதுவெதுப்பாக வரும், வண்டி நகர்ந்தால் ஜில்லென்று ஆகும். கேஸ் குறைந்திருக்கும் என்று விட்டிருந்தேன். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தானே இருக்கிறது, அதற்கும் அதே ஃபேன்தானே!

மறுநாள் சாலிகிராமத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பெரியவர். ஃபேன் ஒயரை நேரடியாக பேட்டரியில் வைத்தார், சுற்றியது. ஃபியூஸ் சரியாக இருந்தது. அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்ட்டை விடும் குட்டி மின் சுவிட்ச். ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே நம்பர் என்று பார்த்து இரண்டையும் இடம் மாற்றினார். ஃபேன் ஓடியது, ஹாரன் அடிக்கவில்லை. ரிலேயைப் பிரித்துக் காட்டினார். உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தது. புது ரிலே இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

மூன்று வாரம் நிம்மதியாக ஓடியது. அப்புறம் செங்கல்பட்டுக்கு ஒரு பயணம். மறைமலை நகர் தாண்டி எண்பதில் போகும்போது முள் மறுபடி ஏறியது. வேகத்தைக் குறைத்து, ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். ஹீட்டரும் உள்ளே ஒரு குட்டி ரேடியேட்டர்தான், என்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஜன்னலை இறக்கிவிட்டு வேர்த்து விறுவிறுத்து ஐம்பதிலேயே ஊர் வந்து சேர்ந்தேன்.

இந்தத் தடவை அடையாளம் தலைகீழ். நின்றால் ஃபேன் ஓடுகிறது, முள் அசையவில்லை. வேகமாக ஓட்டினால்தான் ஏறுகிறது. என்ஜின் அதிகம் உழைக்கும்போது வரும் சூட்டை ரேடியேட்டரால் வெளியே தள்ள முடியவில்லை என்று அர்த்தம். நண்பர் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் முதலில் ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்றார். ஆயில் மூடியில் பால் போன்ற படிவு இல்லை. ரேடியேட்டர் வாயில் நீல நிற டெஸ்ட் திரவம் வைத்து என்ஜினை ஓட்டினார். எரிந்த புகை கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். நீலமாகவே இருந்தது. அந்த இருபதாயிரம் தப்பியதும் எனக்கு உயிர் வந்தது.

பிறகு சூடான ரேடியேட்டர் மேல் டெம்பரேச்சர் கன்னைக் காட்டினார். மேல் பக்கம் 90-க்கு மேல். நடுவில் ஒரு பெரிய திட்டு மட்டும் 50 சொச்சம். அங்கே கூலண்டே போகவில்லை. "என்ன தண்ணி சார் ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

எங்கள் அபார்ட்மெண்ட் போர் தண்ணீர். பக்கெட்டிலும் குழாயிலும் வெள்ளையாகப் படியுமே, அதேதான். ரிலே மக்கர் செய்த காலத்தில் கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து போயிருக்கிறது. ஏன் குறைகிறது என்று பார்க்காமல் ஒரு வருஷமாக அந்தத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறேன். அந்த உப்புதான் குழாய்களை அடைத்துவிட்டது. இதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

புது ரேடியேட்டர், மூடி, ஹோஸ் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன். ஐயாயிரத்துச் சொச்சம். பழைய தண்ணீரை வடித்து, என்ஜினை டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை கழுவி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். உள்ளே காற்று தங்கினால் மறுபடி ஹீட் ஆகும் என்று வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து, ஆறிய என்ஜினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்தார். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழ்களை வெளியேற்றினார். குமிழ் நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை என்ஜினை அணைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் அம்மாவோடு அதே ஜிஎஸ்டி ரோடு. பல்லாவரத்தில் பத்து நிமிஷம் நின்றோம். ஃபேன் ஓடுவது, நிற்பது, மறுபடி ஓடுவது எல்லாம் கேட்டது. முள் நடுவிலேயே இருந்தது. ரிசர்வ் பாட்டிலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்ப்பேன். இதுவரை கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை.