உடம்புக்கு ஒன்றும் இல்லையா?

"உமக்கு அன்றைக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லையா?" என்று அந்தப் பல்கலைக்கழக விரிவுரையாளர் இரண்டு தரம் கேட்டாராம். இரண்டு தரமும் என் பழைய மாணவி "இல்லை சேர்" என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த அறையில் நான் இருக்கவில்லை. அவருடைய முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த இரண்டாவது தரம் அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றினாரா? கொஞ்சம் நிறுத்திக் கேட்டாரா? முதல் தரம் கேட்டது விசாரணை. இரண்டாம் தரம் கேட்டது வேறு ஏதோ. அது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற கேள்வி என்று இப்போது எனக்குப் படுகிறது. அவள் அந்தக் கதவால் போகவில்லை. போகாதே என்று சொல்லி அனுப்பியவன் நான்.

உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவனுக்கு இதிலெல்லாம் என்ன வேலை என்று கேட்கலாம். பெறுபேறு வந்தால் பிள்ளைகள் வீட்டு விறாந்தைக்கு வந்துவிடுவார்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலும் கையுமாக. அது எனக்குத் தெரிந்த விசயம். இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டத்துக்கு, 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில்தான் இருக்கிறது. இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி குறைந்த பிள்ளையின் தகப்பனுக்கு அதைச் சொல்லும்போது, வெட்கப்படுவதா சந்தோசப்படுவதா என்று தெரியாமல் ஒரு சிரிப்பு வரும். விண்ணப்பத்தில் பாடநெறிகளுக்கு விருப்ப ஒழுங்கு போடுவதிலும் வருடா வருடம் ஒரே பிழைதான். போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து, கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போட்டு, ஆசைப்படுவதைக் கீழே போடுவார்கள். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே கிடப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆசைப்படுவதைத்தான் மேலே போட வேண்டும். இதை நான் நித்திரையிலும் சொல்லுவேன்.

அவர்கள் உள்ளே போன பிறகுதான் தொல்லை. கேள்வி மாறிவிடும். சேர், இங்கிலிசில படிப்பிக்கிறது ஒண்டும் விளங்கேல்ல. சேர், அந்த மெடத்திட்ட நேரில போறதா, மின்னஞ்சல் போடுறதா? சேர், இவர் புரொஜெக்டுக்கு நல்லவரா? கைநூலில் இதற்கெல்லாம் பக்கம் இல்லை. எனக்குத் தெரிந்தது நான் படித்த காலத்துக் கம்பஸ், அதுவும் பாதி நாள் மூடிக் கிடந்த கம்பஸ். ஆனாலும் பதில் சொல்லிவிடுவேன். வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பதில் வரும், தெரியாது என்று வராது. தொழில் வியாதி.

அவள் இங்கே கடற்கரையோரத் திருக்கடலூர்ப் பிள்ளை. தகப்பனுக்குச் சின்னப் படகு, ஒரு எஞ்சின். விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம், நல்ல புள்ளி. அந்த வருட முடிவில்தான் யாருக்குச் சிறப்புப் பட்டம், யாருக்குப் பொதுப் பட்டம் என்று பிரிப்பார்கள். ஒன்று நான்கு வருடம், மற்றது மூன்று. கெட்டிக்காரப் பிள்ளைகள் கூடுதலாக ஒரு வருடம் படிக்கப் போராடுவார்கள். வெளியாட்களுக்கு இது விளங்காது.

கடைசிப் பாடத்துக்கு முதல் நாள் காலையில் கடலுக்குப் போன தகப்பன் பொழுதுபட்டும் வரவில்லை. கச்சான் காற்று பிடித்திருந்த நேரம். எஞ்சின் நின்றால் அந்தக் காற்று படகைக் கரைக்குத் தள்ளாது, வெளியேதான் கொண்டுபோகும். கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தாய் போன் எடுத்திருக்கிறாள். பிள்ளை இரவு பஸ் ஏறிவிட்டது. விடிய வந்து இறங்கி, கடற்கரையில் மற்றவர்களோடு நின்றிருக்கிறாள். ஒன்பது மணிக்கு அங்கே வினாத்தாள் கொடுத்தார்கள். பின்னேரம் மூன்று மணி போல கொட்பே துறைமுகப் பக்கத்து பலநாள் படகு ஒன்று தகப்பனின் படகைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தது. மனுசனுக்குத் தாகத்தைத் தவிர ஒன்றுமில்லை.

அடுத்த நாள் காலை என் விறாந்தைக்கு வந்தாள். செருப்பில் இன்னும் மணல் இருந்தது. கைப்பையிலிருந்து பரீட்சை அனுமதி அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள், நான் கேட்காமலே. ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே மேற்பார்வையாளரின் கையெழுத்து. கடைசிப் பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. அதை ஏன் எனக்குக் காட்டினாள் என்று தெரியவில்லை. ஒருவேளை அவளிடம் இருந்த ஒரே தாள் அதுதான் என்பதாலோ என்னவோ.

"சேர், வருத்தமெண்டு மெடிக்கல் சேட்டிபிகேட் குடுத்தா முதல்தரம் எழுதுற மாதிரியே அடுத்தமுறை எழுதலாமாம். ஒரு டொக்டர் இருக்கிறாராம். பிள்ளையள் எல்லாம் அவரிட்டத்தான் எடுக்கிறவங்களாம்."

"உனக்குக் காய்ச்சலா?"

"இல்ல சேர்."

"அப்ப ஏன் பிள்ளை பொய் சொல்லோணும்? அப்பா கடலுக்குப் போய் வரேல்ல எண்டு வந்தனான் எண்டு போய்ச் சொல்லு. அவரும் மனுசன்தானே."

இவ்வளவுதான் நான் சொன்னது. ஐந்து நிமிடம்கூட இல்லை. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தபோது அவள் போய்விட்டாள்.

நான் சொன்னதில் பிழை இல்லை என்று இன்றைக்கும் வாதாட முடியும். தகப்பனைத் தேடி வந்த பிள்ளை, அதை மறைத்து இல்லாத காய்ச்சலை ஏன் சொல்ல வேண்டும்? பதினேழு வயதில் என் வகுப்பில், செய்முறையில் வராத விடையை வந்ததாக எழுதக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். இருபத்தியொரு வயதில் அதை மாற்றிச் சொல்லுவதா? நல்ல வாதம். ஆனால் அதே மாதத்தில், மட்டக்களப்பில் மச்சினியின் மகளுக்குக் கலியாணம் என்று நான் பாடசாலைக்கு மூன்று நாள் மெடிக்கல் போட்டேன். வயிற்றோட்டம் என்று எழுதியிருந்தது. அதிபர் அதைப் பார்க்காமலே கையெழுத்து வைத்தார், கலியாணச் சாப்பாடு எப்படி என்றும் பிறகு கேட்டார். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அவள் போய்ச் சொன்னாள். விரிவுரையாளர் கடைசி வரை கேட்டாராம், இடையில் போன் அடித்தும் எடுக்கவில்லையாம். அப்புறம்தான் அந்தக் கேள்வி. இரண்டு தரம். பிறகு, "சரி, நடந்ததைக் கடிதமாக எழுதித் துறைத் தலைவரூடாகக் கொடும், நான் பரிந்துரைக்கிறேன்" என்றார். பரிந்துரைத்தும் இருக்கிறார். இரண்டு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது: ஆவணம் எதுவும் இணைக்கப்படாததால் ஏற்க முடியாது. அடுத்த வருடம் அவள் அந்தப் பாடத்தை மீள்பரீட்சையாக எழுதினாள். அங்குள்ள விதிப்படி மீள்பரீட்சையில் எவ்வளவு எழுதினாலும் 'சி'தான். அதற்கு முன்பே சிறப்புப் பட்டத்துக்குப் பெயர்கள் போட்டுவிட்டார்கள், அவளுடையது இல்லை. அதே பாடத்துக்கு வராத இன்னொரு பிள்ளை மெடிக்கல் கொடுத்திருந்ததாம். அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே உடம்பு வருத்தமாகவும் இருந்திருக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் தானாக எதையும் முறையிடவில்லை. நான்தான் போன் எடுத்துக் கேட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு வந்தவள், நடுவில் சிரித்துக்கொண்டே, "அப்பா செத்திருந்தா மரணச் சான்றிதழ் இருந்திருக்கும் சேர்" என்றாள். நான் சிரிக்கவில்லை.

அந்தப் போனில்தான் இன்னொன்றும் சொன்னாள். அந்த இரவு பஸ்ஸில் அவள் இரண்டு தரம் சத்தி எடுத்திருக்கிறாள். காலையில் கடற்கரையில் மயங்கி விழப் பார்த்து, பக்கத்து வீட்டு அக்கா பிடித்து இருத்தியிருக்கிறாள். "அப்ப ஏன் அவர் கேட்டபோது சொல்லேல்ல?" என்று கத்திவிட்டேன். "வருத்தமில்லாத நேரம் வருத்தம் எண்டு சொல்லக்கூடாது எண்டுதானே சேர் சொன்னீங்க" என்றாள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அப்படித்தான் விளங்கியிருக்கிறது. "உனக்குக் காய்ச்சலா?" என்று நான் கேட்டபோது அவள் இல்லை என்றாள். காய்ச்சல் இல்லைதான். "என்ன செய்தது உனக்கு, இரவு சாப்பிட்டாயா, எப்படி வந்து சேர்ந்தாய்?" என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். விறாந்தையில் இருந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்த்தால் மான்கள் மேய்கிற இடம் தெரியும். அவள் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு மான் யாரோ எறிந்த சோற்றுப் பொதியின் பொலித்தீனை இழுத்துக்கொண்டிருந்தது.

தாளைப் பற்றியும் பிந்தித்தான் தெரிந்தது. தகப்பன் வராத அன்று இரவே சித்தப்பன்மார் பொலிசில் முறைப்பாடு எழுதியிருக்கிறார்கள். கடற்றொழிலாளர் சங்கத்திலும் சொல்லியிருக்கிறார்கள். முறைப்பாட்டுப் பிரதி ஒன்று, சங்கக் கடிதம் ஒன்று, கிராம சேவகரின் கையெழுத்து ஒன்று. ஒரு நாள் அலைந்தால் மூன்றும் கிடைத்திருக்கும். ஆவணம் இணைக்கப்படவில்லை என்று அவர்கள் எழுதிய பதிலுக்கு அந்த ஆவணம் நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. உண்மையைச் சொல் என்று சொன்னவன், அதற்கு ஒரு தாள் தேடு என்று சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் அரச பாடசாலையில் வேலை செய்கிற எனக்கு இது தோன்றாமல் போனதுதான் அதிசயம். பிறகு நானே என்னைச் சமாதானப்படுத்துவேன்: தாள் இருந்தாலும் ஏற்றிருப்பார்களா? உயிரோடு திரும்பிவந்த தகப்பனுக்கு எந்த விதியில் இடம் இருக்கிறது? தெரியவில்லை.

அந்த விரிவுரையாளரைப் பற்றி நான் முன்பு கோபமாகப் பேசியதுண்டு. இப்போது அந்தக் கோபமும் நிற்கவில்லை. என்னிடம் இல்லாத கவனம் அவரிடம் இருந்திருக்கிறது. பிள்ளை முகத்தைப் பார்த்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டிருக்கிறார். அவர் பொய்க்கு வழிகாட்டினார் என்று சொல்லலாம். அக்கறையில் கேட்டார் என்றும் சொல்லலாம். நான் சில நாள் இதையும் சில நாள் அதையும் எடுத்துக்கொள்கிறேன், அன்றைக்கு எது வசதியோ அது.

பட்டமளிப்புக்குப் பிறகு அவள் வீட்டுக்கு வந்தாள், மனைவிக்குச் சேலையும் எனக்குப் பேனையும் கொண்டு. அன்றைக்குத்தான் நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கினேன். "அன்றைக்கு நான் சொன்னது..." என்றதுமே அவள், "நீங்க சொன்னதத்தான் சேர் செய்தன்" என்றாள். அந்த வசனத்தை நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? நன்றி போலவும் வரும், குற்றச்சாட்டு போலவும் வரும், வெறும் தகவல் போலவும் வரும். அவள் சொன்னபோது எப்படி வந்தது என்பது மட்டும் ஞாபகம் வர மறுக்கிறது.

போன மாதமும் ஒரு பொடியன் வந்தான். முதலாம் வருடம், உள்ளகப் பரீட்சை ஒன்றைத் தவறவிட்டிருக்கிறான். நித்திரை கொண்டுவிட்டானாம். மெடிக்கல் எடுக்கவா என்று கேட்டான். நான் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டேன். பிறகு அரை மணித்தியாலம் எதை எதையோ கதைத்தோம். என்ன செய் என்று நான் சொல்லவில்லை. அவன் குழம்பிப்போய்த்தான் எழும்பினான்.

திருக்கடலூர் கரைக்கு நான் ஞாயிறுகளில் மீன் வாங்கப் போவது வழக்கம். தகப்பன் என்னைக் கண்டால் மற்றவர்களை விலத்திக்கொண்டு வருவார். போன கிழமை ஒரு நல்ல பாரை எடுத்து வைத்திருந்தார், காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடி. தான் கடலில் நின்ற அன்றைக்கு மகளுக்குச் சோதனை இருந்தது அவருக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவருக்கு என்னைக் காட்டி, "இவர்தான் எங்கட பிள்ளையின்ர சேர். மற்றப் பிள்ளையள் நாலு வருசம் கிடந்து படிக்குது, இவள் மூண்டு வருசத்திலேயே முடிச்சிட்டு வந்திட்டாள், அவ்வளவு கெட்டிக்காரி. என்ன சேர்?" என்றார்.

"ஓம்" என்றேன். அவர் பாரையைச் செவுளால் ஈர்க்கு கோத்துத் தந்தார். சைக்கிள் கைபிடியில் மாட்டிக்கொண்டு வந்தேன்.