சாண எரிவாயு: அடுப்பு மங்கினால் எங்கே பார்ப்பது

நிலத்தடியில் குவிமாடமாகக் கட்டும் சாண எரிவாயுக் கலனான தீனபந்து வகையில், 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ பசுஞ்சாணம், அதே அளவு தண்ணீர் வேண்டும். நாலைந்து மாடு இருந்தால் கட்டுப்படியாகும். கரைக்கும்போதே வைக்கோலையும் மண்ணையும் கையால் அரித்து எடுத்துவிடுங்கள். வைக்கோல் மேலே மிதந்து ஆடைகட்டி வாயுவைத் தடுக்கும். மண் அடியில் தங்கி இடத்தை அடைக்கும்.

சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் கோத்திருக்கிறது. தாழ்வான இடத்து வடிகுழாயைத் திறந்து வடியுங்கள்.

வாயு வந்தும் தீ பிடிக்கவில்லை, வெளிவரும் கரைசல் புளித்து நாறுகிறதா? சோற்று மிச்சமும் பழத்தோலும் அளவுமீறிப் போயிருக்கும். அமிலம் கூடினால் எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். சில நாள் எதுவும் போடாமல் விட்டு, பிறகு சாணம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தொழுவம் கழுவிய ஃபினாயில் தண்ணீரை உள்ளே விடவே கூடாது.