அரை நாள் கூலி யாரு குடுப்பா

"ஏறாதீங்கடா, கயித்த மாத்திட்டு ஏறுங்க"

தங்கச்சிமடத்துல மாமா வீட்டு மாடிக்கு வெளிப்பூச்சு வேலை. சத்தம் போட்டது வயசான கொத்தனாரு, கட்டுமானத் தொழிலாளர் சங்கத்து ஆளு.

சாரம் கட்டியிருந்த கயித்த விரலால நிமிண்டிக் காட்டுனாரு, அப்படியே பொடிப்பொடியா உதிருது. ஒரு மழையும் கடக்காத்து உப்பும் பட்ட கயிறு, தள்ளி நின்னு பாத்தா நல்லாத்தான் இருக்கு.

மேஸ்திரிக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "அரை நாள் கூலி யாருண்ணே குடுப்பா?"

"ஒருத்தன் விழுந்தா சைட்டே ஒரு வாரம் நிக்குமே, அத யாரு குடுப்பா?"

இதையே சங்கத்துல இல்லாத ஒரு பையன் சொல்லியிருந்தா நாளைக்கு அவனுக்குப் பதிலா வேற ஆளு வந்திருப்பான், அவ்ளோதான்.

500 பேரு வேலை பாக்குற எடத்துல பாதுகாப்புக் குழு வைக்கணும்னு 1996-ல வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டத்துலயே எழுதுனாங்க. சரி, பத்து பேரு நிக்கிற வீட்டு வேலைக்கு எந்தக் குழு வரும்? இந்த மாதிரி ஒரு பெருசு வாயத் தொறந்தாத்தான் உண்டு.

சங்கம்னாலே கொடி, வசூல்னு எனக்கும் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஆனா 1994-ல கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் சும்மா வந்துடல, சங்கங்க வருசக்கணக்கா கத்திக் கத்தி வாங்குனது.

கயிறு மாத்துனதும் பயலுக பயமில்லாம நின்னு பூசுனானுக, வேலை விறுவிறுன்னு ஓடுச்சு.

அதுல ரெண்டு பேரு வடக்கத்திப் பசங்க, வாரிய கார்டு இல்ல. சங்கமும் அவங்கள இன்னும் சேத்துக்கல, அதையும் சொல்லணும்ல.